கணப்பு ஏன் எரியவில்லை?



ஆண்டு முழுவதும் வெயிலும் மழையுமாக வாழும் நமக்குக் குளிரூட்டியின் தொலைக்கட்டுப்பாட்டுக் கருவி மட்டுமே பழக்கம். அனல் தரும் கணப்புக்கும் அப்படியொரு கருவி உண்டு என்பதை நான் கனடாவில்தான் கண்டேன். அது பழுதானபோது சீர்செய்த முறை நம் வகுப்பறைக்கும் பயன்படும் என்பதால் இதை எழுதுகிறேன்.

2013ஆம் ஆண்டு டிசம்பர் பள்ளி விடுமுறையில், டொரொண்டோ நகரின் ஸ்கார்பரோ பகுதியில் வாழும் என் தங்கையின் வீட்டிற்குச் சென்றிருந்தேன். அம்மாதம் 21, 22ஆம் நாள்களில் உறைமழை பெய்தது. விழுந்த நீர் விழுந்த இடத்திலேயே பனிக்கட்டியானது. அதன் பாரம் தாங்காமல் மரக்கிளைகள் முறிந்து மின்கம்பிகளின்மேல் சாய்ந்தன. டொரொண்டோவில் மட்டும் ஏறத்தாழ 3 இலட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் நின்றது. தங்கையின் வீடும் அவற்றுள் ஒன்று. வீடு முழுவதையும் சூடாக்கும் பெரிய இயந்திரம் எரிவாயுவில் இயங்குவதுதான். ஆயினும் அதன் விசிறிக்கு மின்சாரம் வேண்டும். எனவே அதுவும் நின்றது.

மைத்துனர் இரவு வேலைக்குச் சென்றிருந்தார். வீட்டில் தங்கை, அவள் மகள், மைத்துனரின் தாயார், நான் என நால்வர். கூடத்தின் வெப்பநிலை 12 பாகைக்கு இறங்கிவிட்டது. முதியவருக்கு அந்தக் குளிர் ஆபத்தானது. அவரோ, "தம்பி, அந்தக் கரி அடுப்பை உள்ளுக்குக் கொண்டு வாங்கோவன்" என்றார். ஐந்தாம் வகுப்பில் படிக்கும் மருமகள் உடனே தடுத்தாள்: "வேண்டாம் அப்பம்மா, கரிப்புகையில நஞ்சு இருக்கெண்டு ரீச்சர் சொன்னவ." அவள் சொன்னது முற்றிலும் சரி. கரி எரியும்போது வெளிப்படும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அந்த நாள்களில் அப்படி வீட்டுக்குள் கரி மூட்டிப் பாதிக்கப்பட்டோரும் உண்டு.

கூடத்தில் கண்ணாடி முகப்புடன் ஓர் எரிவாயுக் கணப்பு இருந்தது. தொலைக்கட்டுப்பாட்டுக் கருவியை அழுத்தினால் எரியவில்லை. "இதில் இரண்டு முறை புது மின்கலம் போட்டுவிட்டேன் அண்ணா, கணப்பே கெட்டுவிட்டது போலும்" என்றாள் தங்கை. மருமகளோ அலமாரியிலிருந்து கையேட்டை எடுத்து வந்தாள். அது ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் அச்சிடப்பட்டிருந்தது. கைவிளக்கை நான் பிடிக்க, அவள் ஒவ்வொரு வரியாகப் படித்து, அப்பம்மாவுக்கும் புரியும்படித் தமிழில் சொன்னாள்.

அதிலிருந்து நாங்கள் அறிந்தது இது. கணப்பின் அடியில் 'பைலட்' எனப்படும் சிறுசுடர் எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். அதன் சூட்டில் தெர்மோபைல் என்னும் சிறு உறுப்பு ஒரு வோல்ட்டுக்கும் குறைவான மின்சாரத்தை உண்டாக்கும். எரிவாயு வால்வைத் திறக்க அதுவே போதும். ஆதலால் ஊரே இருண்டாலும் இவ்வகைக் கணப்பு எரியும். கையில் உள்ள கருவி வானொலி அலையில் கட்டளையை அனுப்பும். கணப்பின் கீழ்ப்பகுதியில் மறைந்துள்ள அலைவாங்கிப் பெட்டி அதைப் பெற்று வால்வுக்குத் தரும். அந்தப் பெட்டிக்கும் தனியாக நான்கு மின்கலங்கள் உண்டு.

கையேடு சொன்ன வரிசையிலேயே சென்றோம். முதலில், சிறுசுடர் எரிகிறதா? எரிந்தது. எரிவாயு நாற்றம் வீசினால் எதையும் தொடாமல் வெளியேறி, வெளியிலிருந்துதான் உதவிக்கு அழைக்க வேண்டும் என்று கையேடு எச்சரித்திருந்தது. நாற்றம் ஏதும் இல்லை. வெளிச்சுவரில் உள்ள புகைபோக்கி வாய் பனியால் அடைபட்டுள்ளதா என்றும் பார்த்து வந்தேன். அடைபடவில்லை.

அடுத்து, அலைவாங்கிப் பெட்டியில் உள்ள நகர்த்தியை 'ரிமோட்' என்ற நிலையிலிருந்து 'ஆன்' நிலைக்குத் தள்ளினோம். குப்பென்று தீ பற்றியது! ஆக, எரிவாயு, சிறுசுடர், வால்வு எல்லாம் நலம். கணப்பு கெடவில்லை. பழுது கட்டளை வரும் வழியில்தான் இருந்தது.

அப்படியே எரியவிட்டிருக்கலாம். ஆனால், அந்த நிலையில் வெப்பநிலைக் கட்டுப்பாடு இல்லை. தரையோடு இருந்த நகர்த்தியைக் குனிந்து தள்ள, முழங்கால் வலியுள்ள முதியவரால் இயலாது. அவர் அந்தக் கூடத்தில்தான் உறங்க வேண்டும். எனவே மேலும் தேடினோம். பெட்டியின் நான்கு மின்கலங்களையும் மாற்றினோம். கண்ணுக்குத் தெரியாத இடத்தில், சூட்டில் கிடந்த அவற்றை எவரும் நினைத்ததே இல்லை. கருவியை அழுத்தினால் இப்போது 'பீப்' ஒலி கேட்டது. தீ மட்டும் வரவில்லை.

மருமகள் திரையை உற்று நோக்கினாள். கருவி தானியங்கி நிலையில் இருந்தது. வேண்டிய வெப்பநிலை 10 எனக் குறிக்கப்பட்டிருந்தது. அறையோ 12 பாகையில் இருந்தது. ஆக, கணப்பு கட்டளையை மீறவில்லை. கொடுத்த கட்டளைக்குச் சரியாகவே கீழ்ப்படிந்திருந்தது. 20 என உயர்த்தியதும் எரிந்தது. அதற்கும் எரியாவிட்டால், பெட்டியில் உள்ள 'லேர்ன்' பொத்தானை அழுத்திக் கருவியை மீண்டும் அறிமுகப்படுத்த வேண்டும் என்பது கையேட்டின் அடுத்த படி. எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

நாடு திரும்பிய பின் என் சிந்தனையில் நிலைத்தது அந்த வரிசைமுறைதான். ஒரு மாணவன் வாசிக்கத் திணறினால் பொதுவாக என்ன நடக்கிறது? ஆசிரியர் இன்னும் உரக்கச் சொல்கிறார். பயிற்சித் தாள்கள் கூடுகின்றன. பெற்றோர் டியூஷன் ஆசிரியரை மாற்றுகின்றனர். இவையெல்லாம் அனுப்புகிறவரின் கருவிக்கே மீண்டும் மீண்டும் மின்கலம் போடுவதாகும். வாங்குகிற பெட்டியைத் திறந்து பார்ப்பவர் குறைவு. அதிலும் விரைவில், "இந்தப் பிள்ளைக்கு ஏறாது" என்று கணப்பின்மீதே பழி போட்டுவிடுகிறோம்.

2014இல் என் இரண்டாம் ஆண்டு வகுப்பில் அப்படியொரு மாணவன் இருந்தான். குறைநீக்கல் வகுப்புக்கு அனுப்பலாம் என்ற பேச்சு எழுந்தது. முதலில் ஒரு கதையை நான் வாசித்துக் காட்டினேன். அவன் ஒரு நிகழ்ச்சியும் விடாமல் திருப்பிச் சொன்னான். ஆக, சுடர் எரிந்துகொண்டுதான் இருந்தது. அடுத்த வாரம் வேறெதையும் மாற்றாமல், அவனை முன் வரிசையில் மட்டும் அமர்த்தினேன். கரும்பலகையைப் பார்த்துப் பிழையின்றி எழுதினான். பெற்றோரிடம் கூறினேன், கண் பரிசோதனைக்கு அழைத்துச் சென்றனர். அவனுக்குத் தேவைப்பட்டது ஒரு மூக்குக் கண்ணாடி.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றியிருந்தால் எது அவனைத் தடுத்தது என்று எவருக்கும் தெரிந்திராது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவோம், விளைவைப் பார்ப்போம், பிறகு அடுத்ததற்குச் செல்வோம்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் புதுக் கருவி வாங்கினால் அதன் கையேட்டைப் பிள்ளையிடம் கொடுங்கள். படித்துத் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். கட்டுரைப் பயிற்சிக்கு இணையான மொழிப்பயிற்சி அது; ஒரு குளிர்நாளில் ஒரு முதியவரைக் காக்கவும் கூடும்.