உச்சி மோக்கும் நேரம்

லண்டனில் என் தங்கையின் ஏழு மாதப் பிள்ளைக்குத் தலை ஒருபுறம் தட்டை. அதைச் சீராக்க நாளுக்கு 23 மணித்தியாலம் தலைக்கவசம். திடீர் மரணத்தைத் தவிர்க்க, குழந்தைகளை மல்லாத்திப் படுக்கவைக்கும் இயக்கம் 1991 இல் அங்கே தொடங்கியது. மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. தட்டைத் தலைகள் கூடின. உயிரோடு ஒப்பிட்டால் அது சிறிய விலைதான்.

மீதி ஒரு மணித்தியாலத்தில் பிள்ளையைக் குளிப்பாட்டுவாள். கவசத்தின் உட்புறத்தை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துக் காற்றில் உலர்த்துவாள். வெயிலில் வைத்தால் வடிவம் கெடும். ஈரத்தோடு மாட்டினால் தோல் புண்ணாகும். எண்ணெய், பவுடர் எதுவும் கூடாது.

"எண்ணெய் தொடாத பிள்ளைத் தலையா?" என்று தொலைபேசியில் உம்மா கலங்கிவிட்டா. எங்கள் தலைகளை எண்ணெய் தடவி உருட்டிய கைகள் அவ.

"கவசம் காயும்வரைதான் உம்மா, உச்சியை மோந்து பார்க்கிறேன்" என்றாள் தங்கை.

உம்மா பிறகு எண்ணெய்ப் பேச்சை எடுக்கவேயில்லை.