‘நார்மல்’ என்றால் என்ன?



ஒரு வயரில் பத்து இழைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் ஏழு உள்ளுக்குள்ளேயே அறுந்துவிட்டன. மல்டிமீட்டரில் கன்டினியூட்டி பார்த்தால் ‘பீப்’ என்று சத்தம் வரும். ‘வயர் நார்மல்’ என்று எழுதிவிடலாம். ஆனால் மோட்டாரை மாட்டி லோடு கொடுத்தால் வயர் சூடேறும். மீட்டர் பொய் சொல்லவில்லை. நாம் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னது, அவ்வளவுதான்!

லேபில் படித்த இந்தப் பாடம் எங்கள் வீட்டுக்கே தேவைப்பட்டது.

என் அப்பா கொத்தனார். 2024-ல் சாரத்திலிருந்து சறுக்கி விழுந்து தலையில் அடி. இரண்டு நிமிடம் நினைவில்லை. ஆஸ்பத்திரியில் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். எங்கள் குடும்பத்தில் இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ரிப்போர்ட்டின் கடைசி வரியில் ‘நார்மல்’ என்று இருந்ததை வாசித்துச் சொன்னேன். வீடே நிம்மதியானது.

ஆனால் அப்பாவுக்குத் தலைவலி போகவில்லை. வெயிலில் நின்றால் கிறுகிறுப்பு. செங்கல் கணக்கு மறந்துபோகும். டி.வி. சத்தத்துக்கே எரிந்து விழுவார். “ஸ்கேன்லயே ஒண்ணுமில்லேன்னுட்டாங்க, இன்னும் என்னய்யா சாக்கு?” என்றார் மேஸ்திரி. சொந்தக்காரர்களும் அதையேதான் சொன்னார்கள். அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்குப் போன கூலியில்தான் வீடு ஓடியது. ஒருநாள் ராத்திரி அப்பா என்னிடம், “ஏம் தாயி, படத்துல ஒண்ணுமில்லேன்னா எனக்கு ஏன் இப்பிடிக் கெறக்கமா வருது? நான் என்ன நடிக்கிறேனா?” என்று கேட்டார்.

பதில் தேடிப் படித்தேன். ஒரு நரம்பியல் டாக்டரிடமும் அப்பாவைக் கூட்டிப்போய்க் கேட்டேன்.

சி.டி. ஸ்கேனைக் கண்டுபிடித்த காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு நம்மைப் போல எலெக்ட்ரிக்கலில் டிப்ளமோ வாங்கியவர்தான்! 1971-ல் லண்டனில் அவருடைய மெஷின் முதல் நோயாளியின் மூளையைப் படம் பிடித்தது. 1979-ல் ஆலன் கார்மாக்குடன் சேர்த்து அவருக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. தலையைச் சுற்றிப் பல கோணங்களில் எக்ஸ்-ரே பாய்ச்சி, எந்த இடம் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று கம்ப்யூட்டர் கணக்கிடுகிறது. எலும்பும் புது ரத்தமும் வெள்ளையாகத் தெரியும். அதாவது, ‘உடனே ஆபரேஷன் தேவைப்படும் ரத்தக்கசிவோ எலும்பு முறிவோ இருக்கிறதா?’ என்பதே சி.டி.யிடம் கேட்கும் கேள்வி. உயிரைக் காப்பாற்றும் கேள்வி அது.

ஆனால் அடிபட்ட வேகத்தில் மூளை குலுங்கும்போது இழுபடும் நரம்பிழையின் கனம், ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். சி.டி.க்கு அது எப்படித் தெரியும்? எம்.ஆர்.ஐ. இன்னும் நுணுக்கமாகப் பார்க்கும். 2013-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், லேசான தலைக்காயத்தில் சி.டி. நார்மலாக இருந்தவர்களில் 27 சதவீதம் பேருக்கு எம்.ஆர்.ஐ.யில் மாற்றம் தெரிந்தது. நரம்பிழைகளின் வழியே தண்ணீர் ஊர்வதை அளக்கும் டி.டி.ஐ. என்ற முறையும் உண்டு. ஆனால் ஒரு தனி மனிதருக்கு இதுதான் நோய் என்று தீர்ப்புச் சொல்ல அது இன்னும் போதாது. எம்.ஆர்.ஐ.யும் நார்மல், தொந்தரவும் உண்டு என்ற நிலைகூட வரும். கழுத்து அடியும் தூக்கக் கேடும் அதில் சேர்ந்துகொள்ளும்.

‘லேசான காயம்’ என்ற பெயரும் வேதனையைப் பார்த்து வைத்ததல்ல. கண் திறப்பது, பேசுவது, கை கால் அசைப்பது ஆகியவற்றுக்கு 15-க்கு மார்க் போட்டு, 13 முதல் 15 வரை வந்தால் லேசானது என்கிறார்கள்.

டாக்டர் அப்பாவிடம், “நீங்க நடிக்கலை. பெரும்பாலானவங்களுக்குச் சில வாரத்துல, மூணு மாசத்துக்குள்ள சரியாயிடும். கொஞ்சம் கொஞ்சமா வேலைக்குப் போங்க. இப்போதைக்கு உயரத்துல ஏறாதீங்க” என்றார். அந்த முதல் வாக்கியம்தான் அப்பாவுக்குப் பாதி மருந்து. மூன்றாம் மாதம் கரண்டி பிடித்தார்.

நண்பர்களே! பைக்கில் விழுந்தோ கபடியில் மோதியோ உங்கள் தோழனுக்குத் தலையில் அடிபட்டால், திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, மயக்கம், வலிப்பு, ஒரு பக்கம் பலமிழத்தல் இவற்றில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். ஸ்கேன் நார்மல் என்று வந்த பிறகும் அவன் “தலை வலிக்குதுடா” என்றால் நம்புங்கள். அசைன்மென்டைக் கொஞ்ச நாள் நீங்கள் எழுதிக் கொடுங்கள்!