கள்ளிக்கும் வேண்டும் குளிர்ந்த இரவு

"கள்ளிச் செடிக்கு வெயிலென்ன, வரட்சியென்ன, அது பாட்டுக்குக் கிடக்கும்" என்று சொல்லித்தான் நம்மில் பலரும் அந்தச் சின்னஞ்சிறு சாடிகளை வாங்கி வருகிறோம். கிணறு அடி தெரிய வற்றுகின்ற ஊரில் இதைவிட வசதியான செடி வேறு எது? ஆனால் சகோதரிகளே, எங்கள் கலேவெலயில் சித்திரை முடியும்போது எத்தனை வீட்டு விறாந்தைகளில் அந்தச் சாடிகள் வெறும் மண்ணோடு கிடக்கின்றன தெரியுமா? வெயில் தாங்கும் என்று வாங்கிய செடி வெயில் காலத்தில் சாவானேன்?

எங்கள் அடுத்த வீட்டு ராத்தா கள்ளிச் சாடிகள் விற்றுத்தான் மகளின் டியூஷன் காசைக் கட்டிவந்தார். ஒரு ஏப்ரலில் அவர் வைத்திருந்ததில் பாதிக்கு மேல் அழுகிப்போயிற்று. "நாங்களே இந்தச் சூட்டில் தவிக்கிறோம், அதுகள் வாயில்லாச் சீவன்" என்று காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். இரக்கத்தால் செய்த காரியம்தான். அந்த மாதம் டியூஷன் காசுக்குக் கைமாற்று வாங்க வேண்டி வந்தது.

விஷயம் என்னவென்றால், கள்ளியின் வாழ்க்கை நம் முற்றத்து மாமரத்தின் வாழ்க்கை போன்றதல்ல. மாமரம் பகலில் இலைத்துளைகளைத் திறந்து வைத்திருக்கும். கள்ளி பகலில் தன் நுண்துளைகளை இறுக மூடிக்கொள்ளும். இரவு குளிர்ந்த பிறகுதான் திறந்து, காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி அமிலமாகச் சேர்த்து வைக்கும். விடிந்ததும் துளைகளை மூடிவிட்டு, அந்தச் சேமிப்பைக் கொண்டு வெயிலில் தன் உணவைச் செய்யும். இரவிலேயே சாமான் வாங்கி வைத்து, பகலில் கதவைச் சாத்திக்கொண்டு சமைக்கிற சிக்கனக்காரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்! பாலைவனத்தில் பகல் எவ்வளவு கொதித்தாலும் இரவு பெரும்பாலும் குளிர்ந்துவிடும். கள்ளி பழகியது அதற்குத்தான்.

நம் ஊர் இரவு அப்படியா? 2023இலும் 2024இலும் நோன்பு மாதம் மார்ச், ஏப்ரலில் வந்தது நினைவிருக்கும். ஸஹருக்கு எழும்போதும் சுவரில் கை வைத்தால் சூடு இருந்ததே! அந்தச் சூடுதான் செடிக்கும். இரவு குளிராவிட்டால் பல கள்ளிகள் வளர்வதை நிறுத்தி உறங்கப் போய்விடுகின்றன. உறங்குகின்ற செடியின் வேர் தண்ணீரை உறிஞ்சுவது குறைவு. ஊற்றிய தண்ணீர் சூடேறிய மண்ணில் தங்கி வேரை அழுகச் செய்கிறது.

பாலைவனத்துக் கள்ளிக்கே இந்தக் கதி வந்திருக்கிறது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் சகுவாரோ என்ற, மாடி வீட்டைவிட உயரமாக வளரும் கள்ளி இருக்கிறது. 2023ஆம் ஆண்டு அங்குள்ள பீனிக்ஸ் நகரில் தொடர்ந்து 31 நாட்கள் வெப்பம் 43 பாகை செல்சியசைத் தாண்டியது. இரவும் தணியவில்லை. அந்தக் கோடையில் சகுவாரோக்கள் கிளை முறிந்தும் அடியோடு சரிந்தும் விழுந்தன.

எங்கள் பக்கம் வெயில் காலம் இரண்டு. ஏப்ரல் 5 முதல் 15 வரை சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் வரும். அந்நாட்களில் காற்றில்லாத புழுக்கம், பின்னேரத்தில் இடி மழை. செடி அழுகுவது பெரும்பாலும் அப்போதுதான். மே முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று. மலைக்கு அப்பால் மழையைக் கொட்டிவிட்டு எங்களுக்கு வெறும் காற்றாக வந்து சேரும். அது மண்ணை உலர்த்தும். பஞ்சு போன்ற வெள்ளைப் பூச்சியும் அந்த வரட்சியில்தான் கணுவிலும் வேரிலும் ஒட்டிக்கொள்ளும். ஆகவே இரண்டுக்கும் ஒரே கணக்கில் தண்ணீர் ஊற்றக்கூடாது. நாள் எண்ணுவதைவிட ஓர் ஈர்க்கை மண்ணில் அடிவரை குத்திப் பாருங்கள். ஈரமண் ஒட்டி வந்தால் சாடியைத் தொடவே வேண்டாம். காய்ந்து வந்தால் மஃரிபுக்குப் பிறகு, மண் ஆறிய நேரத்தில், அடித்துளையால் வடியும்வரை ஒரு தடவை ஊற்றுங்கள். உச்சி வெயிலில் ஊற்றுவதைப் போல் கெடுதி வேறில்லை.

சாடியைச் சீமெந்துத் தரையில் வைக்காமல் இரண்டு செங்கல்மேல் வையுங்கள். பகலில் குடித்த சூட்டைச் சீமெந்து இரவு முழுவதும் கக்கும். கறுப்புப் பிளாஸ்டிக் சாடியும் வேரை வேகவைக்கும். காலை வெயில் நல்லது. லுஹருக்குப் பின் வரும் மேற்கு வெயில் சுட்டால் அந்தப் பக்கம் வெளுத்து, பிறகு பழுப்புத் தழும்பாகிவிடும். அது ஆறாது.

சுருங்கிய செடியெல்லாம் தாகத்தால் சுருங்கியதல்ல. அடித்தண்டை அமுக்கிப் பாருங்கள். உறுதியாக இருந்தால் தாகம். மெத்தென்று, மஞ்சள் பாய்ந்து இருந்தால் அழுகல். அழுகினால் சுத்தமான கத்தியால் பழுப்புத் தெரியாத இடம்வரை வெட்டி, நிழலில் ஒரு வாரம் காயவிட்டு, காய்ந்த ஆற்று மணலில் ஊன்றினால் பல வேளை பிழைத்துவிடும். ராத்தா சில செடிகளை இப்படித்தான் மீட்டார்.

ரோஜா போல அடுக்கடுக்காக இருக்கிற எச்செவேரியாவைக் கண்டால் யாருக்கும் ஆசை வரும். அதன் சொந்த ஊர் மெக்சிகோவின் உயர்ந்த மலைநிலம். நுவரெலியாவில் சிரிக்கும், கலேவெலச் சித்திரையில் இலை இலையாக உதிரும். கற்றாழை, மருள், ரணகள்ளி ஆகியவை நம் காலநிலையோடு ஒத்துப்போகின்றவை. அடினியம் என்ற பாலைவன ரோஜாவின் கதையோ நேர் எதிர்! அரேபியாவிலும் ஆபிரிக்காவிலும் பிறந்த அது சூட்டில்தான் தளிர்த்துப் பூக்கும். ஆகவே வெயில் காலத்தில் அதற்கு மட்டும் தாராளமாகத் தண்ணீர் கொடுக்கலாம், வடிகால் சரியாக இருந்தால்.

ராத்தாவின் விறாந்தையில் இப்போது அடினியம்தான் அதிகம். எச்செவேரியா கேட்டு மார்ச் மாதத்தில் யாராவது வந்தால், "இப்ப வாணாம் பிள்ள, ஜனவரியில வாங்க" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்.