வெள்ளச்சியும் அந்த முக்கால் மணி நேரமும்

போன தடவை ஷேர் ஆட்டோவில் சில்லறைக்குப் படும் பாட்டைப் பற்றி எழுதியிருந்தேன். இந்தத் தடவை பூனைப் பிரசவம். ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்காதீங்க. செமஸ்டர் புத்தகம் திறந்து கிடக்கும்போதுதான் எனக்கு இப்படியெல்லாம் எழுதத் தோன்றும்.

எங்கள் வீடு வில்லாபுரத்தில். வெள்ளச்சி நாங்கள் வளர்த்த பூனை என்று சொல்ல முடியாது. ரெண்டு வருசத்துக்கு முன்னால் மாடிப்படிக்கு அடியில் வந்து படுத்தாள், அப்புறம் போகவே இல்லை, அவ்வளவுதான். இந்தச் சித்திரையில் வயிறு தொங்கித் தரையைத் தொடுகிற மாதிரி ஆனதும், அம்மா பழைய சேலையை மடித்து ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு வைத்தாள். பூனைக்கு சினைக்காலம் ஏறக்குறைய 9 வாரம். எப்போது சினையானாள் என்று எங்களுக்குத் தெரியாததால் கணக்கும் தெரியாது.

அன்றைக்கு அழகர் எதிர்சேவை. மறுநாள் விடிகாலை ஆற்றில் இறங்குகிறார். ஊரே தல்லாகுளம் பக்கம் போய்விட்டது. வெள்ளச்சி காலையிலிருந்தே சாப்பிடவில்லை. பீரோவுக்கு அடியில் போவாள், வருவாள், பெட்டியைப் பிறாண்டுவாள், மூச்சு வாங்கிக்கொண்டே உறுமிக்கொண்டிருப்பாள். "இன்னைக்குத்தான்டா" என்றாள் அப்பத்தா. அது சரிதான். இந்த முதல் கட்டம் அரை நாள், சில சமயம் ஒரு நாள்கூட நீளும். அதில் பயப்பட எதுவும் கிடையாது.

ராத்திரி எட்டே காலுக்கு முக்க ஆரம்பித்தாள். வயிறு இறுகி, பின்னங்கால் விறைத்து, உடம்பே குலுங்குகிற முக்கல். நான் மணி பார்த்தேன். பார்த்ததோடு சரி.

"பூனை பிரசவத்தை மனுசன் உத்துப் பாக்கக் கூடாதுடா, தானா போட்டுரும்" என்று அப்பத்தா விளக்கை அணைக்கச் சொன்னாள். அப்பத்தா சொன்னதில் பாதி உண்மை. பெரும்பாலான பூனைகள் யார் உதவியும் இல்லாமல் குட்டி போட்டுவிடும். கூட்டம் கூடி நின்றால் பயந்துபோய் வலியே நின்றுவிடுவதும் உண்டு. ஆனால் விலகி நிற்பது வேறு, பார்க்காமலே இருப்பது வேறு. நாங்கள் ரெண்டாவதைச் செய்தோம்.

ஒன்பது மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு குட்டியும் இல்லை. சின்னதாக ஒரு வால் மட்டும் வெளியே தெரிந்தது. வெள்ளச்சி முக்குவதைக்கூடக் குறைத்துவிட்டு, என்னைப் பார்த்து வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரே இடம் தல்லாகுளம் கால்நடை ஆஸ்பத்திரி. அன்றைக்கு ராத்திரி கோரிப்பாளையத்தைத் தாண்டி வண்டியில் போவது பற்றி மதுரைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நாலைந்து பேருக்கு போன் அடித்து, கடைசியில் கூடப் படிக்கிற பையன் ஒருத்தன் பழங்காநத்தம் பக்கம் இருக்கிற ஒரு டாக்டர் நம்பரைக் கொடுத்தான். அவர் கேட்ட முதல் கேள்வி: "எத்தனை மணியிலேர்ந்து முக்குது?"

எட்டே காலிலிருந்து என்றேன். ரெண்டு நொடி பேசவில்லை. "உடனே தூக்கிட்டு வாங்க. வாலைப் புடிச்சு இழுத்துராதீங்க" என்றார்.

பூனைக்குட்டிகளில் கணிசமானவை பின்பக்கமாகத்தான் பிறக்கின்றன, அது சாதாரணம் என்று பிறகு அவர் சொல்லித்தான் தெரியும். பின்னங்கால் ரெண்டும் முதலில் நீட்டிக்கொண்டு வந்தால் சிக்கல் குறைவு. கால்கள் வயிற்றுப் பக்கம் மடங்கி, வாலும் இடுப்பும் மட்டும் முன்னால் வந்தால்தான் அடைத்துக்கொள்ளும். வெள்ளச்சிக்கு அதுதான் நடந்திருந்தது. அவர் கையுறை போட்டு, வழவழப்பான ஜெல் தடவி, குட்டியை லேசாக உள்ளே தள்ளி, காலை நேராக்கி, அவள் முக்குகிற நேரம் பார்த்து எடுத்தார். வெள்ளையில் கறுப்புப் புள்ளி. உயிர் இல்லை.

"அரை மணி முன்னாடி வந்திருந்தா?" என்று கேட்டேன். "சொல்ல முடியாதுப்பா" என்றார். என் மனசுக்காகச் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா தெரியவில்லை. அதற்கப்புறம் ரெண்டு குட்டிகள் அங்கேயே, தானாகவே பிறந்தன.

அவர் சொன்னதையும் அப்புறம் நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன். யாராவது ஒருத்தருக்கு உதவும்.

முதல் முக்கலுக்கு மணி பார்த்து எழுதி வையுங்கள். 20 முதல் 30 நிமிசம் பலமாக முக்கியும் குட்டி வரவில்லை என்றால் டாக்டரைக் கூப்பிட வேண்டும். குட்டியோ பையோ வெளியே தெரிந்து 10 நிமிசத்தில் வெளிவராவிட்டால் உடனே கிளம்ப வேண்டும்.

சிவப்பு ரத்தம் நிற்காமல் 10 நிமிசத்துக்கு மேல் வந்தாலும், நாற்றமடிக்கும் நீர் வந்தாலும், கரும்பச்சையாக நீர் வந்து குட்டி வராமலிருந்தாலும் காத்திருக்கக் கூடாது. தாய் துவண்டு கிடந்தாலும், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலும், நடுங்கினாலும் அப்படியே. குட்டி போட்ட பிறகு சில வாரங்கள் கழித்துக்கூட, பால் கொடுக்கும் பூனைக்குக் கால்சியம் குறைந்து வெட்டு வரலாம். அதுவும் அவசரம்தான்.

எதற்குப் பயப்பட வேண்டாம்? ஒரு குட்டிக்கும் அடுத்ததற்கும் நடுவே பத்து நிமிசமும் ஆகும், ஒரு மணி நேரமும் ஆகும். சில பூனைகள் பாதியில் நிறுத்திவிட்டு மணிக்கணக்கில் ஓய்வெடுக்கும். குட்டிகளை நக்கிக்கொண்டு, பால் கொடுத்துக்கொண்டு, தண்ணீர் குடித்துக்கொண்டு நிம்மதியாக இருந்தால் அது ஓய்வு. முக்கிக்கொண்டே இருந்து ஒன்றும் வரவில்லை என்றால் அது அடைப்பு. இந்த வித்தியாசம் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டின மாதிரி.

பையோடு பிறந்த குட்டியைத் தாய் உடனே கண்டுகொள்ளவில்லை என்றால், முகத்துப் பக்கம் பையைக் கிழித்துவிட்டு, சுத்தமான துணியால் தேய்த்துவிடலாம். அதற்கு மேல் கைவைத்தியம் வேண்டாம். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வலி வர ஊசி போடுகிற வேலை அறவே கூடாது. குட்டி அடைத்திருக்கும்போது அந்த ஊசி கர்ப்பப்பையையே கிழித்துவிடும். "பாவம், வலிக்குதே" என்று பாராசிட்டமால் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். பூனைக்கு அது விஷம். ஒரே மாத்திரை உயிரை எடுத்துவிடும்.

மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் இருக்கிறவர்கள் "எங்க ஊர்ல இருக்கிறது மாட்டாஸ்பத்திரிதானே" என்பார்கள். மாட்டு டாக்டர் படித்த படிப்பில் பூனையும் உண்டு. தயங்காமல் கேளுங்கள். 1962 என்பது நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கான எண். அந்த நேரத்துக்கு வண்டி கிடைக்காவிட்டாலும் அடுத்து எங்கே போவது என்று கேட்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, வயிறு தெரிய ஆரம்பித்ததுமே ஒரு டாக்டர் நம்பரும், ராத்திரியில் போகிற வழியும் முடிவு செய்து வையுங்கள். வைகைக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று. திருவிழா நாளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அழகர் ஆற்றில் இறங்கிய நேரத்தில் நாங்கள் வீடு வந்து சேர்ந்தோம். பக்கத்து வீட்டு டிவியில் கோவிந்தா சத்தம். செத்த குட்டியை முருங்கை மரத்தடியில் புதைத்தேன். அப்பத்தா ஒன்றும் பேசாமல் பக்கத்திலேயே நின்றாள். பிறகு, "நாந்தான்டா வெளக்க அமத்தச் சொன்னேன்" என்றாள்.

மணி பார்த்தது நான். பார்த்துவிட்டு அரை மணி கழித்து எழுந்திருக்காததும் நான்தான். அதை அப்பத்தாவிடம் சொன்னேன்.

ரெண்டு குட்டிகளும் இப்போது என் நோட்டுப் புத்தகத்தின் மேல்தான் தூங்குகின்றன. குட்டிகள் பால் மறந்ததும் வெள்ளச்சிக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேசன் செய்ய டாக்டரிடம் பேசியாகிவிட்டது. போகிற வழி இப்போது எனக்கு மனப்பாடம்.