வயலில் அழுத தாய்

துன்பம் ஏன் என்று பேச்சு வந்தால் எல்லோரும் யோபுவைச் சொல்வார்கள். நான் நான்காம் எஸ்றாவைச் சொல்வேன். கி.பி. 70இல் ரோமர்கள் எருசலேம் ஆலயத்தை எரித்தார்கள். சுமார் 30 ஆண்டுகள் கழித்து, பெயர் தெரியாத யூதர் ஒருவர், வேதாகமத்தில் வரும் பழைய எஸ்றாவின் பெயரில் எழுதிய நூல் இது.

கதை நடப்பது அதற்கு வெகுமுன்பு, பாபிலோன் எருசலேமை அழித்த பிறகு. அதில் எஸ்றா பாபிலோனில் படுத்துக் கிடந்து கடவுளிடம் வழக்காடுகிறார். நியாயப்பிரமாணத்தைக் கொடுத்தீரே, ஆதாமின் நெஞ்சிலிருந்த தீய விதையை ஏன் எடுக்கவில்லை? எங்களை அழித்த பாபிலோன் எங்களைவிட யோக்கியமா? பதில் சொல்ல வந்த ஊரியேல் தூதன், நெருப்பை நிறுத்துக் காட்டு, காற்றை அளந்து காட்டு, கடந்துபோன நாளைத் திரும்பக் கூப்பிடு என்கிறான். அந்த மூன்றாவதை என்னால் தாண்டிப் போக முடிவதில்லை. நெருப்பையும் காற்றையும் பற்றி யாரிடமும் கேட்கலாம். பறிகொடுத்தவனிடம் போய் நேற்றைக் கூப்பிடச் சொல்லலாமா?

எஸ்றா 'ஏன்' என்கிறார். தூதனோ 'எப்போது' என்பதற்கே பதில் சொல்கிறான். உலகத்துக்கு வயதாகிவிட்டது, மாதம் நிறைந்த கர்ப்பிணி பிள்ளையை அடக்கிவைக்க முடியாது, முடிவு வரும், பொறு. எஸ்றாவுக்கு இது போதவில்லை. எனக்கும் போதவில்லை.

பிறகு, வீடே இல்லாத ஒரு வெளியில் ஏழு நாள் பூக்களை மட்டும் தின்று கிடக்கிறார். அங்கே ஒரு பெண், கிழிந்த ஆடையோடும் தலையில் சாம்பலோடும் அழுகிறாள். 30 ஆண்டு மலடியாக இருந்து பெற்ற ஒரே மகன், மணவறைக்குள் போனதும் விழுந்து செத்துவிட்டான். எஸ்றா அவளைக் கடிந்துகொள்கிறார்: எல்லோருக்கும் தாயான சீயோனே, எருசலேமே அழுகிறாள், நீ ஒருவனுக்காக அழுகிறாயா? கடவுளின் தீர்ப்பை ஏற்றுக்கொள், உரிய காலத்தில் மகன் திரும்பக் கிடைப்பான். தான் ஏற்க மறுத்த அதே பதில்! அவளும் ஏற்கவில்லை, இங்கேயே சாவேன் என்கிறாள். பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் முகம் ஒளிர்கிறது, அலறுகிறாள், அவள் இருந்த இடத்தில் ஒரு நகரம் நிற்கிறது. அவள்தான் சீயோன்.

இதற்குப் பிறகு எஸ்றா வழக்காடுவதில்லை. பதில் கிடைத்ததால் அல்ல, தன்னைவிட அதிகம் அழுகிற ஒருத்தியோடு பேச நேர்ந்ததால் என்றே நான் நம்புகிறேன்.

நூலின் எபிரேய மூலம் அழிந்தது. கிறிஸ்தவர்கள்தான் லத்தீன், சிரியாக், எத்தியோப்பிய மொழிகளில் காப்பாற்றினார்கள். 822ஆம் ஆண்டு லத்தீன் பிரதி ஒன்றில் ஏழாம் அதிகாரத்தின் ஓர் ஏட்டை யாரோ வெட்டியெடுத்துவிட்டார்கள். தீர்ப்பு நாளில் தகப்பன்கூட மகனுக்காகப் பரிந்து பேச முடியாது என்ற பதில் அதில் இருந்தது. அதைத் தாங்காத கைதான் வெட்டியிருக்க வேண்டும். விடுபட்ட பகுதியை ஆமியென் நகரப் பிரதியில் கண்டெடுத்து 1875இல் பென்ஸ்லி வெளியிட்டார்.

யோபுவைப் படித்தவர்கள் இதையும் தேடிப் படியுங்கள். ஒன்பதாம் அதிகாரத்தின் கடைசியில், அந்தத் தாய் வரும் இடத்திலிருந்து தொடங்கினாலும் சரி.