முக்காலி சுமந்த நாள்

ஓமலூரை அடுத்த கமலாபுரம் விமான நிலையத்தில், 2018-ஆம் ஆண்டு மார்ச்சு 25-ஆம் நாள், முதலமைச்சர் எடப்பாடி கே. பழனிசாமி அவர்கள் சென்னை–சேலம் விமானப் போக்குவரத்தைத் தொடங்கி வைத்தனர். தொலைக்காட்சிச் செய்திக் குழுவில் யாம் காமிராவின் முக்காலியும் கம்பிச் சுருளும் சுமப்பவர். பெருமக்கள் வரும் நாளில் எம் தொழில் பெரும்பாலும் காத்திருத்தலே. காவல் நாய் எம் பைகளை மோந்து சென்ற பின்னரே உள்ளே புக இசைவு கிட்டும். படம் பிடிப்பதோ சில நிமிடம்.

அவ்வாண்டே நிலையத்தை விரிக்க நிலங்கொள்ளும் முயற்சி எழுந்தது. பொட்டியபுரம், தும்பிபாடி, சிக்கனம்பட்டி உழவரும் எதிர்த்தனர். மீண்டும் சென்றோம்.

“அன்னைக்கு வந்ததும் நீங்கதானுங்களே, தம்பி?” என்றார் முதியவர் ஒருவர்.

ஆம் என்றோம். அன்று மேடையை நோக்கியே நின்ற எம் கருவியின் முதுகுப்புறத்தில் விளைநிலம் இருந்தமையை யாம் திரும்பியும் பார்த்திலோம். இம்முறை முக்காலியை அவர்தம் வரப்பின்மேல் ஊன்றினோம்.