பாரிமுனையில் பசிக்காத கேக்!

பாரிமுனையில் கிடைக்காத சாமான் உண்டா? ஆண்டர்சன் தெருவில் கல்யாணப் பத்திரிகை, தேவராஜ முதலி தெருவில் கண்ணாடி, கொஞ்சம் தள்ளி ஒரு சந்துக்குள்... தெர்மோகோல் கேக்! ஹைகோர்ட் மெட்ரோவில் இறங்கி, தள்ளுவண்டிகளுக்கு நடுவே பக்கவாட்டில் நடந்து போய்ச் சேர்ந்தேன்.

என் மனைவி வீட்டிலேயே கேக் ஆர்டர் எடுக்க ஆரம்பித்திருக்கிறாள். முதல் ஆர்டர், எங்கள் மானேஜர் மகளின் பிறந்த நாள்! ஐசிங் பூ போட்டுப் பழகத் தினம் ஒரு கேக் சுட்டால், முட்டைக்கும் வெண்ணெய்க்குமே என் சம்பளம் போய்விடும். அதற்குத்தான் இந்த 'டம்மி'.

கடைக்காரர் பெரியவர். "கட்டை விரலால அழுத்திப் பாருங்க தம்பி. பள்ளம் விழுந்தா வேணாம். மணி மணியா உதிர்ந்தாலும் வேணாம்."

அழுத்தினேன். கெட்டி. அடுக்கிப் பழக 6 இன்ச்சில் ஒன்று, 8 இன்ச்சில் ஒன்று வாங்கினேன்.

"திரும்பத் திரும்ப உபயோகிக்கலாமா?"

"மெல்லிசு பிளாஸ்டிக் ஷீட்டை இறுக்கிச் சுத்திட்டு ஐசிங் போடச் சொல்லுங்க. உரிச்சா புதுசு! நேரா பூசிட்டா, வெதுவெதுப்பான தண்ணியில துணி நனைச்சுத் தொடைங்க. நெயில் பாலிஷ் ரிமூவர் மட்டும் ஆகாது. டம்மியே கரைஞ்சிடும்!"

டம்மிக்குப் பரம்பரையும் உண்டு ஸார். உலகப் போர் சமயம், 1940-ல் பிரிட்டனில் கேக் மேல் சர்க்கரை ஐசிங் பூசவே தடை. கல்யாண வீடுகளில் அட்டைக் கேக்கை வாடகைக்கு வாங்கி வைத்தார்கள்.

எங்கள் வீட்டு 8 இன்ச், பதினைந்து நாளில் பன்னிரண்டு 'ஹாப்பி பர்த்டே' பார்த்துவிட்டது. ஆரம்பத்தில் காலிஃப்ளவர் மாதிரி இருந்த ரோஜா, இப்போது ரோஜா மாதிரியே இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை நிஜ கேக். என் இன்கிரிமென்ட் அந்த ரோஜாவில்!